எழுத்தே இல்லாமல் ஒரு கதை: குறிகளால் பேசும் மடிப்புப் புத்தகத்தைக் கையால் செய்ய முழுமையான வழிகாட்டி

காட்டுக்குள் ஒரு சிறுமி நடந்து போகிறாள். எங்கோ ஓநாய் ஒன்று பதுங்கியிருக்கிறது. இதை வரையச் சொன்னால் நாம் தொப்பி, கூடை, மரக்கிளை, கோரைப்பல் என்று ஆரம்பித்துவிடுவோம். வார்யா லாவாட்டர் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். சுற்றிலும் பச்சைப் புள்ளிகள். கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். மடிப்பு மடிப்பாக விரியும் அந்தத் தாளில் கறுப்பு சிவப்பை நெருங்க நெருங்க, பார்ப்பவருக்கு மனசு பதறுகிறது.

லாவாட்டர் 1913-இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவர். தொழிலால் கிராஃபிக் வடிவமைப்பாளர். ஒரு சுவிஸ் வங்கிக்காக 1930களில் அவர் வரைந்த மூன்று சாவிச் சின்னம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1958-இல் நியூயார்க் போனார். அங்கே தெருவெங்கும் இருந்த விளம்பரக் குறிகளும், சீனர்கள் வாழும் பகுதியில் பார்த்த விசிறிபோல் மடியும் சிறு புத்தகங்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. சுவிஸ் நாட்டுப்புறக் கதை நாயகன் வில்லியம் டெல்லின் கதையைக் குறிகளாலேயே சொல்லும் அவருடைய மடிப்புப் புத்தகத்தை 1962-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வெளியிட்டது. சிவப்புத் தொப்பிச் சிறுமி 1965-இல் பாரீஸில் வந்தாள். 2007-இல் இறக்கும்வரை அவர் இந்த வடிவத்தை விடவே இல்லை.

அவர் புத்தகங்களைப் பார்த்துவிட்டுத்தான் நானும் தாளை மடிக்க உட்கார்ந்தேன். முதலில் செய்த புத்தகத்தில் 23 குறிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் அழகாக வரைந்திருந்தேன். கையில் வாங்கிய ஒருவராலும் கதையைச் சொல்ல முடியவில்லை. பல புத்தகங்களுக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது: குறி எப்படித் தோன்றுகிறது என்பதைவிட, அடுத்த மடிப்பில் அது என்ன செய்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

நாம் செய்யப்போவது 8 செமீ அகலம், 12 செமீ உயரத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு புத்தகம். 16 பக்கங்கள். முழுதாக விரித்தால் 128 செமீ நீளம். மடித்து ஒட்டும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். கதையையும் குறிகளையும் தீர்மானிக்க அதைவிடக் கூடுதல் நாள் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

முதலில் கதை: எது குறிகளுக்குள் அடங்கும்?

எல்லாக் கதையும் இதற்கு ஒத்துவராது. யார் யாருக்கு எந்த உறவு, போன வருஷம் என்ன நடந்தது, யார் மனசில் என்ன ஓடியது என்று விளக்க வேண்டிய கதையைக் குறி தாங்காது. நெருங்குவது, விலகுவது, தேடுவது, தொலைவது, கூடுவது, சிதறுவது, மறைவது, வளர்வது ஆகியவற்றைக் குறி பிரமாதமாகச் சொல்லும். உங்கள் கதையை இப்படிப்பட்ட வினைச்சொற்களால் மட்டும் ஐந்தாறு வரிகளில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அந்தக் கதை பொருந்தும்.

இந்த வழிகாட்டி நெடுக நான் ஒரே கதையை எடுத்துக்கொள்கிறேன். அக்காவும் தம்பியும் கைகோத்து நடக்கிறார்கள். கூட்டம் சேர்கிறது. ஏதோ ஒன்று தம்பியின் கண்ணை இழுக்கிறது. கை நழுவுகிறது. தம்பி கூட்டத்தில் தொலைகிறான். கூட்டத்தில் ஒரே ஒருவர் அவனைக் கவனிக்கிறார். அக்காவிடம் போய்ச் சேர்கிறான். கிட்டத்தட்ட எல்லாருடைய சிறுவயதிலும் இப்படி ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும். அதனால் படிப்பவர் பாதியைத் தானே நிரப்பிக்கொள்வார். புதிதாகக் கற்பனை செய்யும் கதையைவிட, எல்லாருக்கும் தெரிந்த கதையோ அனுபவமோ முதல் புத்தகத்துக்கு நல்லது. லாவாட்டரும் ஊரறிந்த பழங்கதைகளைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டார். என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தால், எப்படி நடக்கிறது என்பதைக் கண் நிதானமாகப் பார்க்கும்.

குறிகளைத் தேர்ந்தெடுப்பது: வடிவத்துக்கு முன்னால் நடத்தை

பென்சிலை எடுத்து வட்டமா முக்கோணமா என்று யோசிக்கும் முன்பு ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் கதையில் வரும் ஆள் அல்லது பொருள். வலப்பக்கம் கதையின் போக்கில் அதற்கு நேரும் மாற்றம். மாற்றமே இல்லாத எதையும் அடித்துவிடலாம். என் கதையில் கடை, தெரு, வெயில் எல்லாம் அப்படித்தான் போயின. மிஞ்சியவை ஐந்து.

அக்கா: நீல முக்கோணம். அவள் தேடுகிறாள், அதனால் ஒரு முனை வேண்டும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். தம்பி: ஆரஞ்சு வட்டம். வட்டத்துக்குத் திசை கிடையாது, உருண்டு எங்கும் போய்விடும். கூட்டம்: சாம்பல் சதுரங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. தம்பியை இழுத்தது: ஒரு மஞ்சள் பொட்டு. அது பலூனா, மிட்டாயா, பறவையா என்று நான் சொல்லவே போவதில்லை. ஐந்தாவது குறிதான் எனக்குப் பிரியமானது: முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு. பிடித்திருக்கும் கை.

கோடு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று பாருங்கள். தளர்ந்து தொங்கலாம். விறைக்கலாம். அறுந்து ஒரு முனை மட்டும் ஆடலாம். தரையைத் தடவிக்கொண்டு போகலாம். மறுபடியும் சேரும்போது இரட்டிப்பாகலாம். அக்காவின் முகத்தை வரைந்திருந்தால் பயத்தைக் காட்ட எனக்கு ஒரு நல்ல ஓவியரின் கை தேவைப்பட்டிருக்கும். கோடு அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடுகிறது.

தம்பியைக் கவனிக்கும் அந்த ஒருவருக்கு ஆறாவது குறி வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பச்சை நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன், வெளியிலிருந்து ஒட்டியதுபோல் இருந்தது. அப்புறம் கூட்டத்திலிருந்த சதுரங்களில் ஒன்றை மட்டும் 45 டிகிரி திருப்பி வைத்தேன். அதே சாம்பல், அதே அளவு, ஆனால் எல்லாரும் நேராக நிற்க அது மட்டும் சாய்ந்து நிற்கிறது. ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டார்! புதுக் குறி சேர்க்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே இருப்பதில் ஒன்றைத் திருப்பி, சாய்த்து, பிளந்து பாருங்கள். பத்துக்கு எட்டு முறை அதுவே போதும். ஏழு குறிகளைத் தாண்டினால் படிப்பவரின் கவனம் கதையை விட்டு மனப்பாடத்துக்குப் போய்விடும் என்பது என் அனுபவம்.

அளவு பற்றி ஒரு முடிவை இப்போதே எடுத்துவிடுங்கள். வியன்னாவில் 1925-இல் சமூக, பொருளாதார விவரங்களைப் பொதுமக்களுக்குப் படமாகக் காட்ட ஓட்டோ நாய்ராத் ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். அங்கே உருவான படக்குறி முறைக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது: எண்ணிக்கை கூடினால் குறியைப் பெரிதாக்கக் கூடாது, அதே குறியைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். அந்தக் குறிகளைச் செதுக்கிய கெர்ட் ஆர்ன்ட்ஸின் வேலையில் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்க்கலாம். கதைப் புத்தகத்துக்கும் இதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெருகினால் சதுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அளவை வேறு ஒன்றுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள்: பயம், நெருக்கம், தனிமை. என் கதையில் சதுரங்கள் ஒரே ஓர் இடத்தில்தான் பெரிதாகின்றன, தம்பியின் கண்ணால் கூட்டத்தைப் பார்க்கும்போது. முன்னாலேயே அளவோடு விளையாடியிருந்தால் அந்த இடம் எடுபட்டிருக்காது.

வண்ணம்

வண்ணத்தில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒரு வண்ணம், புத்தகம் முடியும்வரை அதுவே. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வண்ணம் மாறுவதோடு வெளுப்பும் அடர்த்தியும் மாற வேண்டும். ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. உங்கள் குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை அடர்த்தியாக்குங்கள், அல்லது வடிவத்தை இன்னும் விலக்குங்கள். என் ஆரஞ்சும் சாம்பலும் முதல் படத்தில் ஒன்றாகவே தெரிந்தன. சாம்பலை வெளுக்க வைத்து, ஆரஞ்சைக் கொஞ்சம் ஆழமாக்கினேன்.

மடிப்பும் கதை சொல்லும்

இந்த வடிவத்துக்கு ஐரோப்பாவில் லெப்பொரெல்லோ என்று ஒரு பெயர் உண்டு. மொஸார்ட்டின் 1787-ஆம் ஆண்டு ஓபரா ஒன்றில் வரும் வேலைக்காரன் பெயர் அது. எஜமானின் காதலிகளின் பட்டியலை அவன் விரித்துக் காட்டுவான், அது நீண்டுகொண்டே போகும். ஆனால் வடிவம் அந்தப் பெயரைவிட மிகப் பழையது. மெக்சிகோவின் மிஷ்டெக் மக்கள், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே, மான் தோலை இணைத்து மடித்து அரசர்களின் வரலாற்றைப் படக்குறிகளால் பதித்தார்கள். அவற்றில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விரித்தால் 11 மீட்டருக்கு மேல். ஓர் அரசனை எப்படி அடையாளம் காட்டுகிறார்கள் தெரியுமா? மான் தலை ஒன்று, பக்கத்தில் எட்டுப் புள்ளிகள். எட்டு மான் என்பது அவன் பெயர், பிறந்த நாளால் வந்த பெயர். பயணம் என்றால் பாதச்சுவடுகள். எந்தப் பக்கம் படிப்பது என்று கண்ணுக்கு வழிகாட்டச் சிவப்புக் கோடுகள். நம் வேலைக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது: படிப்பவருக்குத் திசை காட்டும் ஏதாவது ஒன்று எல்லாப் பக்கங்களிலும் ஓட வேண்டும். என் புத்தகத்தில் கைப்பிடிக் கோடே அந்த வேலையைச் செய்கிறது. உங்களுடையதில் அடிவானமோ, பாதையோ, ஆறோ இருக்கலாம்.

இப்போது மடிப்பின் கணக்கு. பக்கங்களுக்கு 1 முதல் 16 வரை எண் போடுங்கள். 1-க்கும் 2-க்கும் நடுவே பள்ள மடிப்பு, அதாவது மடிப்புக் கோடு உள்ளே போய் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும். 2-க்கும் 3-க்கும் நடுவே மேட்டு மடிப்பு, கோடு நம்மை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும். இப்படி மாறி மாறி வரும். கையில் வைத்துப் புரட்டும்போது 1-2, 3-4, 5-6 என்று ஜோடி ஜோடியாகத்தான் தெரியும். ஆக, மேட்டு மடிப்புதான் பக்கம் புரட்டும் இடம். அடுத்தது என்ன என்ற ஆவலையோ பயத்தையோ அங்கே வையுங்கள்.

என் திட்டம் இப்படி அமைந்தது. 1-2: விசாலமான வெள்ளையில் முக்கோணமும் வட்டமும், நடுவே தளர்ந்த கோடு. 3-4: சதுரங்கள் ஒன்றிரண்டாக வருகின்றன, மேல் மூலையில் மஞ்சள் பொட்டு. 5-6: சதுரங்கள் நெருக்குகின்றன, வட்டம் பொட்டின் பக்கம் நகர்கிறது, கோடு நீள்கிறது. 7-8: முக்கோணம் மட்டும். விறைத்த கோடு 8-ஆம் பக்கத்தின் வலது ஓரம்வரை போய் நிற்கிறது. படிப்பவர் புரட்டுகிறார். 9-10: கோட்டின் அறுந்த முனை தரையில் சுருண்டு கிடக்கிறது, வட்டம் தனியாக, பொட்டைக் காணோம். 11-12: சதுரங்கள் பிரம்மாண்டமாகிவிட்டன, அவற்றின் இடுக்கில் ஒரு துளி ஆரஞ்சு. 13-14: சதுரங்கள் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. ஒன்று சாய்ந்திருக்கிறது, அதன் பின்னால் வெள்ளையாக ஒரு வழி திறக்கிறது. 15-16: முக்கோணம், வட்டம், இரட்டைக் கோடு.

இனி அதே புத்தகத்தை மேஜை மீது முழுதாக விரியுங்கள். எட்டாம் பக்கத்தில் அக்கா நிற்பதும், பதினொன்றில் தம்பி நிற்பதும் ஒரே பார்வையில் தெரிகிறது. அவர்களுக்கு ஒருவர் இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது. அடுத்தடுத்த தாளாகத் தைத்த புத்தகத்தில் இதைச் செய்யவே முடியாது. உங்கள் கதையில் கையில் வைத்துப் படிப்பதற்கும் விரித்துப் பார்ப்பதற்கும் இப்படி ஒரு வித்தியாசம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் தைத்த புத்தகமே அந்தக் கதைக்கு நல்லது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திட்டத்தை 2 × 3 செமீ கட்டங்களில், வெறும் பென்சிலால், வண்ணம் இல்லாமல் வரையுங்கள். கட்டம் சிறிதாக இருந்தால் அலங்காரத்துக்கு இடமே இருக்காது.

மாதிரிப் புத்தகமும் மூன்று வாசகர்களும்

சாதாரண ஜெராக்ஸ் தாளைத் துண்டுகளாக வெட்டி ஒட்டி, சரியான அளவில் ஒரு மாதிரி செய்யுங்கள். வண்ணத் தாளில் குறிகளை வெட்டி, லேசாக ஒட்டினால் போதும், நகர்த்திப் பார்க்கலாம்.

அதை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். எதுவும் விளக்காதீர்கள். "பார்ப்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எங்கே தயங்குகிறார்கள், எங்கே முன்பக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கிட்டு விளக்க நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விளக்கிய இடமெல்லாம் புத்தகம் விளக்கத் தவறிய இடம்.

அவர்கள் சொல்லும் கதை உங்கள் கதையாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. என் மாதிரியைப் பார்த்த ஒருவர் முக்கோணத்தைத் தாய் என்றார், இன்னொருவர் நாயும் எஜமானும் என்றார். இரண்டிலும் பிரிவும் தேடலும் சேர்தலும் சரியாக வந்திருந்தன, அதனால் நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் மூன்று பேருமே 13-ஆம் பக்கத்தில் சாய்ந்த சதுரத்தைக் கவனிக்காமல் கடந்தார்கள். அதைச் சுற்றியிருந்த நான்கு சதுரங்களை எடுத்துவிட்டேன். வெற்றிடம் கிடைத்ததும் அது பேசிவிட்டது.

குறி விளக்கப் பட்டியல் வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்தில் தீர்மானியுங்கள். லாவாட்டர் தன் புத்தகங்களின் தொடக்கத்தில் எந்தக் குறி யாருக்கு என்று பட்டியல் கொடுத்தார். பழங்கதையைக் குறிகளாக மாற்றும்போது அது நியாயம், ஒரு வரைபடத்தைப் படிக்கும் சுகம் அதில் இருக்கிறது. பொதுவான அனுபவத்தைச் சொல்லும் கதைக்கு நான் பட்டியல் வைப்பதில்லை. குறிக்குப் பொருள் தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சீனக் கலைஞர் சூ பிங் 1987-இல் தொடங்கி, சீன எழுத்து போலவே தோன்றும் ஆனால் யாராலும் படிக்க முடியாத சுமார் 4000 எழுத்துகளை மரத்தில் செதுக்கி அச்சிட்டார். அவர் அதை வேண்டுமென்றே செய்தார். நம் புத்தகத்தில் அது தெரியாமல் நடந்துவிடக் கூடாது.

தாள்: இழை எந்தப் பக்கம் ஓடுகிறது?

160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் இந்த அளவுக்குப் பொருத்தம். 120-க்குக் கீழே போனால் புத்தகம் நிமிர்ந்து நிற்காது. 250-க்கு மேலே போனால் மடிப்பில் வெடிக்கும்.

இயந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். மடிப்புக் கோடு அந்த இழைக்கு இணையாகப் போக வேண்டும். நம் புத்தகத்தில் மடிப்பு உயரவாக்கில் வருவதால், இழையும் 12 செமீ உயரத்தின் வாக்கில் ஓட வேண்டும். இதைக் கவனிக்காமல் நான் வெட்டிய ஒரு புத்தகம் மடிப்பெல்லாம் பிசிறடித்து, அட்டை ஒட்டிய மறுநாள் வளைந்து நின்றது.

கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், முதலில் ஒரு வாக்கில், பிறகு மறுவாக்கில். எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ, வளைவின் முதுகு ஓடும் திசைதான் இழையின் திசை. சந்தேகமாக இருந்தால் சிறு துண்டை ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். அது குழல்போல் சுருளும், குழலின் நீளவாக்கு இழையின் திசை.

இழை உயரவாக்கில் இருக்கும்படி இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்று 66 × 12 செமீ, மற்றது 64 × 12 செமீ. முதல் பட்டையில் கூடுதலாக இருக்கும் 2 செமீ இணைப்பு நாக்கு. கட்டர் பிளேடு புதிதாக இருக்கட்டும், இரும்பு ஸ்கேல் வைத்து, அழுத்தி ஒரே முறையில் அறுக்காமல் மூன்று முறை லேசாக ஓட்டுங்கள்.

மடிப்பது

ஸ்கேல் வைத்து 8, 16, 24 என்று அளந்து மடிக்காதீர்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் கடைசியில் புத்தகம் படிக்கட்டு மாதிரி நிற்கும். பாதி பாதியாக மடித்துப் போனால் பிழை சேராது.

நீளமான பட்டையை, அச்சு வரும் முகம் மேலே இருக்கும்படி வையுங்கள். வலது ஓரத்திலிருந்து 2 செமீ நாக்கைப் பின்பக்கமாக மடியுங்கள். மீதி 64 செமீ. இடது ஓரத்தைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நாக்கின் மடிப்போடு சேர்த்து நடுவில் மடியுங்கள், 32-இல் ஒரு மேட்டு மடிப்பு. விரித்து, இரண்டு ஓரங்களையும் தனித்தனியே பின்பக்கமாக அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுபோங்கள், 16-இலும் 48-இலும் மேட்டு மடிப்பு. மீண்டும் விரியுங்கள். இப்போது நான்கு அகலமான பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் முன்பக்கமாகப் பாதியாக மடியுங்கள். இந்த நான்கும் பள்ள மடிப்புகள். எட்டுப் பக்கங்கள் தயார், மேடும் பள்ளமும் சரியான இடத்தில் விழுந்திருக்கும். இரண்டாவது பட்டைக்கு நாக்கு இல்லை, மற்றதெல்லாம் இதேதான்.

தாள் தடிமனாக இருந்தால் மடிக்கும் முன் கோட்டில் மொட்டையான எதையாவது வைத்து ஒரு கீறல் அழுத்தம் கொடுங்கள். பைண்டிங் செய்பவர்கள் எலும்புக் கத்தி வைத்திருப்பார்கள். எழுதாத பால்பாயின்ட் பேனாவும் அதே வேலையைச் செய்யும். மடித்தபின் ஸ்பூனின் முதுகால் தேய்க்கலாம், ஆனால் மேலே ஒரு வெற்றுத் தாளை வைத்துத் தேயுங்கள். நேரடியாகத் தேய்த்தால் தாளில் பளபளப்புத் தடம் விழுந்துவிடும்.

குறிகளைப் பதிப்பது

கையால் வட்டம் வரைந்தால் ஒவ்வொரு வட்டமும் கொஞ்சம் மாறும். படிப்பவர் கண் அந்த மாற்றத்துக்கும் அர்த்தம் தேடும். அதனால் திரும்பத் திரும்ப வரும் குறிகளை அச்சு வைத்துப் பதியுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பர் போதும். குறியை அதன் மேல் வரைந்து, கூரான பிளேடால் சுற்றிலும் 3 மிமீ ஆழத்துக்கு வெட்டி, வேண்டாத ஓரத்தை எடுத்துவிடுங்கள். வெட்டும்போது பிளேடின் முனை குறியிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள். அப்போது அடிப்பகுதி அகலமாக இருந்து, அழுத்தும்போது அச்சு ஆடாது. இடம் வலம் ஒரே மாதிரி இல்லாத குறி என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும்.

பிக்மென்ட் மை உள்ள ஸ்டாம்ப் பேட் நல்லது, நீரில் கரையும் சாய மை சில தாள்களில் ஓரம் கசியும். அதே தாளின் துண்டில் பதித்து, காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். பட்டையை விரித்து, மேட்டு மடிப்புகளைச் சமமாக்கி, தட்டையாக வைத்துப் பதியுங்கள். வெளுத்த மையை முதலில், அடர்ந்ததை அப்புறம். முக்கியமான சிறு குறியை மடிப்புக் கோட்டின் மேல் வைக்காதீர்கள், நாளடைவில் அங்கே மை உதிரும்.

கோட்டை மட்டும் நான் அச்சாகச் செய்யவில்லை, பிரஷ்ஷால் போட்டேன். தளர்ந்த கோட்டை ஒரே இழுப்பில், மூச்சை விட்டுக்கொண்டே போடுங்கள். விறைத்த கோட்டுக்கு ஸ்கேலை ஒட்டிப் பேனா. அறுந்த முனைக்குப் பிரஷ்ஷில் மை தீரும்வரை இழுத்தேன். தாளின் சொரசொரப்பில் அது தானாகவே பிசிறிக்கொண்டு முடிந்தது. புத்தகத்தில் ஒரே ஒரு விஷயம் உயிரோடு நடுங்க வேண்டும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பட்டைகளையும் இணைப்பது

மை நன்றாகக் காயட்டும். நாக்கை நேராக்கி, அதன் முன்முகத்தில் மட்டும் மெல்லியதாகப் பிவிஏ எனப்படும் வெள்ளைப் பசை தடவுங்கள். இரண்டாவது பட்டையின் இடது ஓரம் நாக்கின் மடிப்புக் கோட்டில் சரியாக உட்காரும்படி மேலே வைத்து அழுத்துங்கள். நாக்கு 9-ஆம் பக்கத்தின் பின்னால் மறைந்துவிடும். மேலும் கீழும் ஓரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், பசை பிடிக்கும் முன் நகர்த்த ஓரிரு நிமிஷம்தான் கிடைக்கும். என் கதையில் இந்த இணைப்பு, கை நழுவும் இடத்திலேயே வந்து விழுந்தது. திட்டமிட்டுத்தான் அப்படி வைத்தேன். விரலால் தடவினால் அங்கே ஒரு தடிப்பு தெரியும்.

அட்டை

2 மிமீ தடிமனுள்ள அட்டையில் 8.6 × 12.6 செமீ துண்டுகள் இரண்டு. சுற்றிலும் 3 மிமீ வெளியே நீண்டு பக்கங்களைக் காக்கும். அட்டையின் இழையும் உயரவாக்கில் இருக்கட்டும். மேலே ஒட்டும் தாள் அல்லது துணி 12.6 × 16.6 செமீ, நான்கு பக்கமும் 2 செமீ மடிப்புக்காக.

மேல்தாளின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, அட்டையை நடுவில் வைத்து அழுத்தி, புரட்டி, நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். நான்கு மூலைகளையும் 45 டிகிரியில் வெட்டுங்கள், ஆனால் அட்டையின் முனைவரை போய்விடாதீர்கள். 3 மிமீ விடுங்கள். ஒட்டி வெட்டினால் முனையில் அட்டை எட்டிப் பார்க்கும். நீளப் பக்கங்களை முதலில் மடித்து ஒட்டி, மூலையில் துருத்தும் தாளை நகத்தால் உள்ளே தள்ளி, பிறகு குட்டைப் பக்கங்களை மடியுங்கள்.

அடுத்து, மடித்த புத்தகத்தை வைத்து, 1-ஆம் பக்கத்தின் பின்முகத்தில் மட்டும் பசை. அதன் கீழே ஒரு கழிவுத் தாளைச் செருகி, பசை மற்ற பக்கங்களுக்குப் போகாமல் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, கழிவுத் தாளை எடுத்துவிட்டு அட்டையின் உட்பக்கத்தில் வையுங்கள். 16-ஆம் பக்கத்துக்கும் அப்படியே. பக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இங்கேதான் தெரியும். ஒற்றைப்படை என்றால் பின் அட்டை தாளின் தவறான முகத்தில் வந்து உட்காரும்.

அட்டைக்கும் பக்கங்களுக்கும் நடுவே மெழுகுத் தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு முழு நாள் விடுங்கள். இடையில் திறந்து பார்க்கும் ஆசை வரும். ஈரம் போகும் முன் திறந்தால் அட்டை வளைந்துவிடும், அப்புறம் நேராக்குவது பெரும்பாடு.

மடிப்பு பொருந்தாத கதைக்கு: மூன்று துளைத் தையல்

ஒவ்வொரு பக்கமும் ஓர் அதிர்ச்சி, பின்னால் வருவது முன்கூட்டியே தெரியவே கூடாது என்று இருக்கும் கதைக்குத் தைத்த புத்தகம் போதும். நான்கு தாள்களைச் சேர்த்து நடுவில் மடித்தால் 16 பக்கம். மடிப்பில் நடுவே ஒரு துளை, இரு முனைகளிலிருந்தும் 2 செமீ உள்ளே தள்ளி ஒவ்வொரு துளை. முதுகின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், 5 செமீ வாலை உள்ளே விட்டுவிடுங்கள். மேல் துளையில் உள்ளே. நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த் துளையில் வெளியே. மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு வால்களும் நீளத் தையலின் இரு பக்கமும் இருக்கும்படி வைத்து, அதைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் வாக்கில் இழுங்கள், குறுக்கே இழுத்தால் தாள் கிழியும்.

மடிப்புப் புத்தகத்துக்கே திரும்புவோம். மறுநாள் கனத்தை எடுத்துவிட்டு, புத்தகத்தை மேஜை மேல் நிற்க வையுங்கள், மடிப்புகள் பாதி திறந்த நிலையில். ஒரு பக்கமிருந்து நடந்து மறுபக்கம் போங்கள். சரிவாகப் பார்க்கும்போது ஒற்றை எண் பக்கங்கள் மட்டும் தெரியும், திரும்பி வரும்போது இரட்டை எண் பக்கங்கள். என் புத்தகத்தை அப்படி நிற்க வைத்தபோது, போகும் வழியில் விறைத்த கோடு நின்றுபோகும் எட்டாம் பக்கம் கண்ணில் படவே இல்லை, திரும்பி வரும்போது அது எதிரே நின்றது. அடுத்த புத்தகத்துக்கான திட்டத்தை அந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்: போகும்போது ஒருவரின் கதை, வரும்போது மற்றவரின் கதை.